டிஎன்எஃப்-ஐ ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன?

கேள்வி, பிப்ரவரி 3

அம்மாவுக்கு மூட்டு முடக்குவாதம். மாத்திரைகள் போதவில்லை, இனி டிஎன்எஃப் தடுப்பு ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். தேடிப் படித்ததில் குழப்பம்தான் மிச்சம். டிஎன்எஃப் என்றால் ‘கட்டியைச் சாகடிக்கும் காரணி’யாம். அதைத் தடுத்தால் புற்றுநோயை நாமே வரவழைத்த மாதிரி ஆகாதா? இன்னொரு பக்கம், மூட்டை அரிப்பதும் இதுதான், குடலைப் புண்ணாக்குவதும் இதுதான் என்கிறார்கள். இவ்வளவு கெடுதல் செய்வதை உடம்பு எதற்கு உற்பத்தி செய்கிறது? கெட்டதுதான் என்றால் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டியதுதானே?

பிப்ரவரி 4, இரவு 10.50

நான் டாக்டர் இல்லை. ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மூன்று வருடம் டிஎன்எஃப் அளந்தவன். இப்போது ஒன்பது வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைத் தடுக்கும் ஊசியைத் தொடையில் போட்டுக்கொள்பவன். எனக்கு இருப்பது முடக்குவாதம் இல்லை, முதுகெலும்பை இறுக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ். ஊசி ஒன்றுதான்.

முதல் வேலையாக அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். பாதிக் குழப்பம் பெயரால் வந்தது.

1890களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், தோலில் கடுமையான கிருமித்தொற்று வந்த நோயாளிக்குப் புற்றுக்கட்டி கரைந்துபோன செய்தியைப் பிடித்துக்கொண்டு, கட்டி உள்ளவர்களுக்குக் கிருமிகளையே ஊசியாகப் போட ஆரம்பித்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, சிலருக்குக் காய்ச்சல்தான் மிச்சம். ஏன் சுருங்கியது என்று அவருக்கும் தெரியாது. 1975இல் அதே ஊரில் எலிசபெத் கார்ஸ்வெல், லாயிட் ஓல்ட் குழுவினர் சுண்டெலிக்கு பிசிஜி கொடுத்து, பிறகு பாக்டீரியாவின் நச்சையும் கொடுத்து, அதன் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை) எடுத்துக் கட்டியுள்ள வேறு எலிக்குப் போட்டார்கள். கட்டியின் நடுப்பகுதி கறுத்துச் செத்தது. சீரத்தில் இருந்த ஏதோ ஒன்றுக்கு டிஎன்எஃப் என்று பெயர் வைத்தார்கள். கண்ணில் பட்டதை வைத்துப் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி செராமிக்கு வேறொரு புதிர். டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி தொற்றிய முயல்கள் எலும்பும் தோலுமாக இளைத்துக்கொண்டே போகின்றன, ரத்தத்திலோ கொழுப்பு சேர்ந்து சீரம் பால் மாதிரி கலங்கியிருக்கிறது. உடம்பை உருக்கும் இந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் கேக்கெக்டின். புரூஸ் பாய்ட்லர் அதைப் பிரித்துச் சுத்தமாக எடுத்து, 1985இல் அதன் புரத வரிசையைப் பார்த்தால், அது டிஎன்எஃப்பேதான். ஒரே ஆள், ஒரே ஊரில் இரண்டு பெயரோடு சுற்றியிருக்கிறான்.

கேக்கெக்டின் என்ற பெயர் நிலைத்திருந்தால் உங்கள் கேள்வி இப்படி இருந்திருக்கும்: “உடம்பை உருக்குகிற பொருளைத் தடுத்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் சதை போடுமா?” பயமே வந்திருக்காது.

பிப்ரவரி 4, இரவு 11.20

உடம்பு எதற்குச் செய்கிறது என்பதற்குப் பதில் சொல்லாமலே போய்விட்டேன். டிஎன்எஃப் ஒரு சேதி, செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் புரதம்.

விரலில் முள் குத்துகிறது, கூடவே பாக்டீரியா உள்ளே போகிறது. தோலுக்கு அடியில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல் அதைத் தொட்டதும் சிறிது நேரத்திலேயே டிஎன்எஃப் வெளியே வருகிறது. பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவர் அதைக் கேட்டதும் ஒட்டும் தன்மை பெறுகிறது. ஓடிக்கொண்டிருந்த வெள்ளை அணுக்கள் அங்கே ஒட்டி, உருண்டு, சுவரின் இடுக்கு வழியாக வெளியே இறங்குகின்றன. குழாய் கசிகிறது, அதனால் வீக்கம். ரத்தம் அதிகம் வருகிறது, அதனால் சிவப்பு, சூடு. நரம்பு நுனிகள் கூர்மையாகின்றன, அதனால் வலி. சின்னக் குழாய்களில் ரத்தம் உறைந்து கிருமி ஊருக்குள் போகும் வழி அடைபடுகிறது.

விரலுக்கு இது நல்லது. இதே வேலை உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால்? எல்லாக் குழாயும் கசிந்தால் ரத்த அழுத்தம் எங்கே நிற்கும்? அது செப்சிஸ் அதிர்ச்சி. அதற்கு நாளைக்கு வருகிறேன்.

பிப்ரவரி 5, மாலை

நாளைக்கு என்றேன், ஆனால் முதலில் ஆராய்ச்சிக்கூடக் கதை. இதுவும் பெயர் விவகாரம்தான்.

அந்தக் காலத்தில் டிஎன்எஃப் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு வழி, அது எத்தனை செல்களைக் கொல்கிறது என்று பார்ப்பது. எல்929 என்ற சுண்டெலி செல்கள். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் செல்களை விதைத்து, மறுநாள் டிஎன்எஃப்-ஐப் படிப்படியாக நீர்த்து ஊற்றி, கூடவே ஆக்டினோமைசின் என்ற மருந்தையும் சேர்த்து, ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் வயலெட் சாயம். உயிரோடு ஒட்டியிருக்கும் செல் சாயம் பிடிக்கும், செத்து மிதப்பது கழுவும்போது போய்விடும். தட்டின் ஒரு ஓரம் கண்ணாடி மாதிரித் தெளிவாகவும் மறு ஓரம் கத்தரிப்பூ நிறத்திலும் நிற்கும். வரிசை ஒழுங்காக இறங்கியிருந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம், அவ்வளவு அழகு.

ஒருநாள் தட்டு முழுக்கக் கத்தரிப்பூ. டிஎன்எஃப் அதிகமாக ஊற்றிய குழியிலும் செல்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. ஆக்டினோமைசின் சேர்க்க மறந்திருந்தேன். உடனே புரிந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், ஆக்டினோமைசின் அந்தச் செல்லின் மரபணுப் படியெடுப்பை நிறுத்திவிடும், புதுப் புரதம் எதுவும் தயாராகாது. டிஎன்எஃப் போய் ஏற்பியை (செல்லின் மேல் சேதி வாங்கும் புரதத்தை) தட்டியதும் செல் முதலில் செய்வது உயிர்காக்கும் புரதங்களைத் தயாரிப்பதுதான். அந்தக் கதவை நாம் அடைத்துவிட்ட பிறகுதான் இரண்டாவது கதவு திறக்கிறது. அதற்குப் பின்னால் மரணம். கையைக் கட்டிப் போட்டால்தான் சாகிறது. கட்டாவிட்டால் டிஎன்எஃப் அதற்கு வெறும் தகவல்.

பெயர் எவ்வளவு பொய் என்று அன்றைக்கு ஒரு தட்டே காட்டியது.

பிப்ரவரி 5, இரவு

மேலே ‘இரண்டாவது கதவு’ என்று ஏதோ ரகசிய அறை மாதிரி எழுதிவிட்டேன். இரண்டு முடிவுக்கும் ஏற்பி அதேதான். உள்ளே கூடும் புரதக் கூட்டணி மாறுகிறது. கூட்டணி மாறினால் முடிவும் மாறும். இதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 7

செப்சிஸ். இது கொஞ்சம் நீளம்.

1985இல் பாய்ட்லரும் செராமியும், டிஎன்எஃப்-ஐப் பிடித்துவைக்கும் ஆன்டிபாடி கொடுத்த எலிகள் பாக்டீரிய நச்சைத் தாங்குகின்றன என்று காட்டினார்கள். 1987இல் கெவின் டிரேசி குழுவினர் அதையே பபூன் குரங்குகளில் செய்தார்கள். இந்தமுறை நச்சு இல்லை, உயிருள்ள பாக்டீரியாவையே ரத்தத்தில் செலுத்தினார்கள். ஆன்டிபாடி முன்னதாகக் கிடைத்த குரங்குகள் பிழைத்தன. உலகமே கைதட்டியது. ஐசியூவில் செப்சிஸ் சாவுக்கு முடிவு வந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள்.

வரவில்லை. மனிதர்களில் சோதனை மேல் சோதனை, பலன் இல்லை. 1996இல் வெளியான ஒன்றில் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் எடனெர்செப்ட் மருந்து கொடுத்தார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் 30 சதவீதம் இறந்தார்கள், அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 53 சதவீதம். உதவாதது மட்டுமில்லை, தலைகீழாகப் போனது.

இதை முதன்முதலில் படித்தபோது ‘எலி வேறு, மனிதன் வேறு’ என்று எல்லோரும் சொல்லும் பதிலோடு நகர்ந்துவிட்டேன். பின்னாளில்தான் பபூன் ஆய்வை ஒழுங்காக எடுத்துப் படித்தேன். பாக்டீரியாவுக்கு 2 மணி நேரம் முன்பே ஆன்டிபாடி கொடுத்தால் முழுப் பாதுகாப்பு. 1 மணி நேரம் முன்பு என்றால் அதிர்ச்சி நிலை தவிர்ந்தது, ஆனால் உறுப்புகள் செயலிழப்பது நிற்கவில்லை. கவனியுங்கள், இரண்டுமே முன்பு. எந்த நோயாளி, தனக்கு இன்னும் 2 மணி நேரத்தில் செப்சிஸ் வரப்போகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறார்?

ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவு நச்சு கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. ரத்தத்தில் டிஎன்எஃப் சுமார் 90 நிமிடத்தில் உச்சிக்குப் போய், சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் அது கிளப்பிவிட்ட மற்றவை. ஐசியூவில் ஆன்டிபாடி போடும்போது மணியடித்தவன், அதாவது டிஎன்எஃப், எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பான். போதாக்குறைக்கு அங்கே கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது, அதோடு சண்டை போட டிஎன்எஃப் வேண்டும்.

பாய்ட்லர் பிறகு ‘டிஎன்எஃப்-ஐச் சுரக்கச் சொல்வது யார்’ என்று தேடிப்போய், பாக்டீரிய நச்சை உணரும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியை 1998இல் அடையாளம் கண்டார். 2011இல் நோபல் கிடைத்தது அதற்குத்தான்.

பிப்ரவரி 8

சரி, செப்சிஸில் தோற்ற மருந்து மூட்டில் எப்படி ஜெயித்தது?

மூட்டில் மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில். தாமதமாகப் போனாலும் மணியடிப்பவன் அங்கேயே இருப்பான்.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் முடக்குவாத மூட்டின் உட்சவ்வை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு சைட்டோகைன்கள் (டிஎன்எஃப் மாதிரி சேதி சொல்லும் புரதங்கள்) ஒன்றாகக் கொதிக்கின்றன. எதை நிறுத்துவது? ஒன்றை நிறுத்தினால் மற்றது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். டிஎன்எஃப்-ஐ மட்டும் தடுத்தபோது ஐஎல்-1 என்ற இன்னொன்றும் சேர்ந்து அடங்கியது. வரிசையில் இது முன்னால் நிற்கிறது என்று தெரிந்தது. 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள். 20 பேரின் முடிவுகள் மறுவருடம் வெளியாயின. 1998இல் அமெரிக்காவில் இன்ஃப்ளிக்ஸிமாப் குரோன் குடல் நோய்க்கும், எடனெர்செப்ட் முடக்குவாதத்துக்கும் அனுமதி பெற்றன. 2002 கடைசியில் அடலிமுமாப்.

என் கணக்கு வேறு. எனக்கு அளவுகோல் காலுறை. ஊசிக்கு முன் காலையில் காலுறை மாட்ட முடியாது. குனிந்தால் இடுப்புக்குக் கீழே ஒரு பலகை குறுக்கே நிற்கும். கட்டிலில் மல்லாந்து, காலை மேலே தூக்கி, காலுறையை நுனியில் மாட்டி, இன்னொரு காலின் விரலால் இழுத்துவிடுவேன். பதினைந்து நிமிடம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் ஆபீஸுக்குக் கிளம்பி வாசல்வரை வந்த பிறகுதான் உறைத்தது, நின்றுகொண்டே மாட்டியிருக்கிறேன் என்று. திரும்பப் போய்க் கழற்றி இன்னொரு முறை மாட்டிப் பார்த்தேன்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. கணிசமானவர்களுக்கு இந்த ஊசி போதிய பலன் தராது, வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்கு மாற வேண்டிவரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

பிப்ரவரி 9

தனிச்செய்தியில் ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். எல்929 செல்கள் ஆக்டினோமைசின் இல்லாமலும் டிஎன்எஃப்-ஆல் சாகும், உங்களுக்குத் தெரியாதா என்று.

சரிதான். சாகும், ஆனால் மெதுவாக, இன்னும் அதிக அளவு டிஎன்எஃப் ஊற்றினால். என் தட்டை ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டதால் உயிரோடு இருந்தவை நிறையத் தெரிந்தன. சாகும் விதமும் வேறு. சுருங்கி ஒழுங்காகச் சாவது ஒன்று, வீங்கி வெடித்து உள்ளிருப்பதைச் சுற்றிலும் கொட்டிச் சாவது இன்னொன்று. எல்929 இரண்டாவது ரகத்துக்குப் பேர்போனது, அதன் பெயர் நெக்ரோப்டோசிஸ். ‘டிஎன்எஃப் அதற்கு வெறும் தகவல்’ என்று நான் எழுதியது அந்தச் செல்லுக்குப் பொருந்தாது. ஹீலா என்ற மனிதப் புற்றுச்செல்லை உதாரணம் காட்டியிருக்க வேண்டும், அதற்கு டிஎன்எஃப் மட்டும் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. நம் உடம்பின் பெரும்பாலான செல்களும் அந்த மாதிரிதான்.

ஆக, என் ‘ஒரு தட்டே காட்டியது’ வசனம் கொஞ்சம் மிகை. கருத்து நிற்கிறது, சாட்சி தடுமாறுகிறது.

பிப்ரவரி 11

கேட்டவரின் “ஒரேயடியாக நிறுத்தினால் என்ன” என்ற கேள்விக்கு நேரடிப் பதில் இது: காசநோய்.

டிபி கிருமி நுரையீரலுக்குள் வந்தால் பெரும்பாலும் உடம்பு அதைக் கொன்று முடிப்பதில்லை. மேக்ரோஃபேஜ்கள் சுற்றி நின்று, மேலும் செல்கள் வந்து சேர்ந்து, கிரானுலோமா என்ற உருண்டையாகக் கட்டி, கிருமியை உள்ளே பூட்டிவைக்கின்றன. அந்தக் கட்டடம் ஒருமுறை கட்டி முடித்தது இல்லை. தினமும் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பூச்சு வேலைக்கு டிஎன்எஃப் வேண்டும். டிஎன்எஃப் ஏற்பி இல்லாத எலிகளுக்கு டிபி தொற்றினால் சீக்கிரமே இறந்துவிடுகின்றன.

2001இல், இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களில் டிபி வந்த 70 பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே, உடம்பின் வேறு இடங்களில் நோய். பலருக்கும் மருந்து ஆரம்பித்த சில மாதங்களுக்குள். சுவர் இடிந்து உள்ளே இருந்தவன் தப்பி ஓடிய கதை. அதன் பிறகுதான் ஊசிக்கு முன் டிபி பரிசோதனை கட்டாய வழக்கமானது.

எனக்கும் செய்தார்கள். பாசிட்டிவ். எனக்கு இருமல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், ஆனால் எப்போதோ உள்ளே வந்த கிருமி எங்கோ தூங்குகிறது என்று அர்த்தம். ஐசோனியசிட் என்ற டிபி மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி என்றார் டாக்டர். அந்த ஒரு மாதம் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. காலுறை மாட்ட முடியாதவனை இன்னும் ஒரு மாதம் காத்திரு என்றால்? வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வந்தேன். அடுத்த முறை மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு நினைவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. அந்த ரத்தப் பரிசோதனை அளப்பது இன்டர்ஃபெரான் காமாவை, அதுவும் ஒரு சைட்டோகைன். ஒன்றைத் தடுக்கலாமா என்று இன்னொன்றிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை ஆகிவிட்டதா? ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் கேளுங்கள். அதுவும் உள்ளே தூங்கி எழக்கூடிய ரகம்.

பிப்ரவரி 12

நினைத்தேன், யாராவது சொல்வீர்கள் என்று. “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, இதற்கா இவ்வளவு குறிப்பு?”

டிபி விஷயத்தில் அந்தப் பழமொழி பாதிதான் ஓடுகிறது. வரிக்குதிரை மீன் குஞ்சுகள் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். டிபிக்கு நெருங்கிய உறவான கிருமியை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டிஎன்எஃப் குறைந்தால் மேக்ரோஃபேஜுக்குள் கிருமி பெருகுகிறது. டிஎன்எஃப் அதிகமானால் மேக்ரோஃபேஜ் முதலில் கிருமியை நன்றாகக் கொல்கிறது, பிறகு தானே வெடித்துச் செத்து மிச்சக் கிருமியை வெளியே கொட்டுகிறது. வெளியே கொட்டிய கிருமி இன்னும் வேகமாகப் பெருகுகிறது. இரண்டு பக்கமும் பள்ளம். பழமொழிக்காரர் ஒரு பக்கம்தான் வேலி போட்டிருக்கிறார்.

அதோடு, எவ்வளவு என்பது மட்டும் கேள்வி இல்லை. எங்கே, எவ்வளவு நேரம், கரைந்து மிதப்பதா அல்லது செல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதா, எந்த ஏற்பியில்? இதெல்லாம் இருக்கிறது.

பிப்ரவரி 14

ஒட்டிக்கொண்டிருப்பது என்றேனே, அதை விரிக்கிறேன். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

டிஎன்எஃப் முதலில் செல்லின் மேல்தோலில் நட்டுவைத்த மாதிரி நிற்கும். பிறகு ஒரு நொதி கத்தரிக்கோல் மாதிரி வெட்டிவிடும், அப்புறம் மூன்று மூன்றாகச் சேர்ந்தபடியே மிதந்து போகும். ஏற்பி இரண்டு. ஒன்று ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு. அழற்சியும் சாவும் பெரும்பாலும் அதன் வழி. மற்றது முக்கியமாக நோய் எதிர்ப்புச் செல்களிலும் ரத்தக்குழாய் உட்சுவரிலும். செல் பிழைப்பதற்கும், சண்டையை அடக்கும் டி செல்களுக்கும் உதவுவது. அந்த இரண்டாவதை நன்றாகத் தூண்டுவது நட்டுவைத்த டிஎன்எஃப்தான்.

எடனெர்செப்ட் என்பது அந்த இரண்டாவது ஏற்பியின் நகல், பொறியாக வைத்தது. மூட்டில் நன்றாக வேலை செய்யும். குரோன் நோயில் செய்யாது. இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் இரண்டுமே குரோனில் வேலை செய்கின்றன. பிடிப்பது ஒரே டிஎன்எஃப்-ஐத்தான், அப்படியிருந்தும். ஆன்டிபாடிகள் செல்மேல் நிற்கும் டிஎன்எஃப்-ஐ இன்னும் உறுதியாகப் பிடித்து அந்தச் செல்லையே அடக்குகின்றன என்பது ஏற்கத்தக்க விளக்கம். எனக்கு இடையில் கண்ணில் அழற்சி வந்தது, கண் ரத்தச் சிவப்பு, வெளிச்சம் பட்டால் ஊசி குத்தல். அதனால்தான் எனக்கு அடலிமுமாப் தேர்ந்தெடுத்தார்கள், கண்ணுக்கு எடனெர்செப்ட் அவ்வளவு கைகொடுப்பதில்லை.

தடுத்தால் கெட்டுப்போன இடங்களும் உண்டு. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோயில் மூளை, தண்டுவடப் புண்களில் டிஎன்எஃப் இருந்தது, எனவே தடுத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வந்தது, மருந்து பெற்றவர்களுக்கு நோய்த்தாக்கம் அதிகம். இதயச் செயலிழப்பிலும் ரத்தத்தில் டிஎன்எஃப் அதிகம், தடுத்தார்கள். எடனெர்செப்டால் பலன் இல்லை, அதிக அளவு இன்ஃப்ளிக்ஸிமாப் சாவையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் கூட்டியது. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் இதே மருந்து சிலருக்குப் புதிதாகச் சொரியாசிஸைக் கொண்டுவருவதும் உண்டு. சம்பவ இடத்தில் நின்றவனெல்லாம் குற்றவாளி என்று பிடித்தால் இப்படித்தான்.

பிப்ரவரி 15

சும்மா ஒரு குறிப்பு. மருந்துப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று ஒருவர் புலம்பியிருந்தார். ‘மாப்’ என்று முடிந்தால் ஆன்டிபாடி. பழைய பெயர்களில் அதற்கு முன் ‘க்ஸி’ வந்தால் எலிப் பகுதியும் மனிதப் பகுதியும் ஒட்டியது, ‘மு’ வந்தால் முழுக்க மனித ரகம். ‘செப்ட்’ என்றால் ஏற்பியின் நகல். இவ்வளவு தெரிந்தால் மருந்துச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டலாம், டாக்டருக்கு லேசாகப் பயம் வரும்.

பிப்ரவரி 17

கேட்டவர் திரும்பி வந்து, “எல்லாம் சரி, புற்றுநோய்க்கு இன்னும் பதில் வரவில்லை” என்கிறார். நியாயம். பெயரை மறந்துவிடுங்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன்.

1980களில் டிஎன்எஃப்-ஐயே புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு. கட்டியை அழிக்கும் அளவுக்குப் போவதற்கு முன் நோயாளி தாங்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் அது மருந்தாக நிலைத்தது. கை அல்லது காலில் வந்த சதைப் புற்றுக்கு, அந்த உறுப்பின் ரத்த ஓட்டத்தை மட்டும் உடம்பிலிருந்து பிரித்து, மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தோடு சேர்த்து டிஎன்எஃப்-ஐ ஓடவிடுவது. ஐரோப்பாவில் 1999இல் அனுமதி. அங்கேயும் அது முக்கியமாகத் தாக்குவது கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாய்களை. 1975 எலியின் கட்டி நடுவில் கறுத்ததற்கும் பெரும் காரணம் இதுதான், தண்ணீர் லைனை அடைத்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, டிஎன்எஃப் இல்லாத எலிகளின் தோலில் புற்று வரவழைக்கும் ரசாயனம் தடவிப் பார்த்தபோது, சாதாரண எலிகளைவிடக் குறைவாகவே கட்டிகள் வந்தன. சிறு அளவில் நாள்கணக்கில் கசியும் டிஎன்எஃப் கட்டிக்கு உரம். பெயர் இங்கே தலைகீழாக நிற்கிறது.

ஆனால், “பயமே வேண்டாம்” என்று சொல்ல மாட்டேன். மருந்துத்தாளில் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) எச்சரிக்கை கட்டம் கட்டித்தான் இருக்கிறது. கடுமையான முடக்குவாதமே லிம்ஃபோமா வாய்ப்பைக் கூட்டுவது, ஆகவே எவ்வளவு நோயால், எவ்வளவு மருந்தால் என்று பிரிப்பது கஷ்டம். நான் வருடத்துக்கு ஒருமுறை தோலைக் காட்டிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முன்பு புற்றுநோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

பிப்ரவரி 20

“ரத்தத்தில் டிஎன்எஃப் எவ்வளவு என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?” வேண்டாம். பணம் தண்டம். ரத்தத்தில் அது சில நிமிடங்களில் கரைந்துவிடும், மூட்டுக்குள் கொதிப்பது கை நரம்பு ரத்தத்தில் தெரிய வேண்டும் என்றும் இல்லை. அளந்தே பிழைத்தவன் சொல்கிறேன். டாக்டர்கள் பார்ப்பது சிஆர்பி, அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம். அது ஐஎல்-6 என்ற இன்னொரு சைட்டோகைன் சொல்லிக் கல்லீரல் செய்வது, நிதானமாக ரத்தத்தில் நிற்கும், மலிவு. புகையைப் பார்த்து நெருப்பை எடை போடுகிற வேலைதான், ஆனாலும் நம்பகமான புகை.

ஒரு முக்கியமான விஷயம், இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நாலாவது வருடம் எனக்குக் கடைவாய்ப் பல் அடியில் சீழ். தாடை வீக்கம் பெரிதாக இல்லை, காய்ச்சல் 99ஐத் தாண்டவில்லை. சாதாரணப் பல்வலி என்று நினைத்து வழக்கம்போல் ஊசியும் போட்டுக்கொண்டேன். மூன்றாவது நாள் பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். மணியடிப்பவன் வாயைக் கட்டிவிட்டால் வீட்டுக்குள் திருடன் வந்ததும் சத்தமாகக் கேட்காது. இப்போது சின்னத் தொற்று என்றாலும் டாக்டருக்குப் போன் செய்கிறேன், ஆன்டிபயாடிக் முடியும்வரை ஊசியைத் தள்ளிவைக்கச் சொன்னால் தள்ளிவைக்கிறேன். அம்மாவுக்கும் இதை மனப்பாடம் செய்துவையுங்கள்.

மார்ச் 2

டிபி பரிசோதனை நெகட்டிவ், முதல் ஊசி வரும் வியாழன் என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள், வெந்நீரில் எல்லாம் போட வேண்டாம். குளிர்ச்சியோடு போட்டால் கூடுதல் வலி. அழுத்தியதும் ‘டக்’ என்று சத்தம் வரும், அதோடு எடுத்துவிடக் கூடாது. அதன் தாளில் எத்தனை விநாடி போட்டிருக்கிறதோ அத்தனை எண்ணிவிட்டு எடுங்கள். நான் முதல்முறை சத்தத்தில் பயந்து எடுத்ததில் பாதி மருந்து தொடையில் வழிந்தது.

மார்ச் 6

பழைய பெட்டியைக் கிளறியதில் ஆராய்ச்சிக்கூட நோட்டு கிடைத்தது. அந்தக் கத்தரிப்பூத் தட்டின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி 5இல் “உடனே புரிந்துவிட்டது” என்று எழுதினேன் இல்லையா? என் கையெழுத்தில் இருப்பது இது: “எல்லாக் குழியிலும் செல் உயிரோடு. டிஎன்எஃப் கெட்டுப்போயிருக்கிறது. குப்பியைத் தூக்கிப் போட்டேன். புதுக் குப்பி எடுக்க வேண்டும்.” ஆக்டினோமைசின் பற்றிய வரி நாலு நாள் தள்ளி, வேறு மையில் இருக்கிறது. கொல்லவில்லை என்றதும் குப்பியைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

நல்ல டிஎன்எஃப் அது. முழுக் குப்பி.